மலைப்பாதை மோட்டார்சைக்கிள் பயணங்கள்: வெள்ளிக்கிழமை இரவுப் புறப்பாடு வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மலேசியாவின் தித்திவங்சா மலைத்தொடருக்குள் மண்பாதைகளில் மோட்டார்சைக்கிள் ஓட்டுவதற்காக வார இறுதிகளில் சிங்கப்பூரிலிருந்து குழுக்களாகப் புறப்படும் தமிழ் இளையர்கள் பலர் உள்ளனர். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, இரவு 10 மணியளவில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடந்து, இரவெல்லாம் ஓட்டி, சனிக்கிழமை விடியும்போது பகாங் மாநிலத்து மலையடிவார ஊர்களான ரவூப்பிலோ குவாலா லிப்பிசிலோ தேநீர் அருந்திவிட்டு நேராகக் காட்டுப்பாதையில் இறங்கி, ஞாயிறு நள்ளிரவுக்குள் வீடு திரும்பிவிடுவது என்ற அட்டவணைதான் இப்பயணங்களில் பெரும்பாலும் பின்பற்றப்படுகிறது. இந்த அட்டவணையைக் குழுத் தலைவர்கள் கைவிட வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இப்பயணங்களை நான் எதிர்க்கவில்லை என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகளாக நானும் அந்த மலைகளில் ஓட்டி வருகிறேன். புதிதாக வரும் தம்பிகளை உடன் அழைத்தும் செல்கிறேன். சிங்கப்பூரின் மிக உயரமான இடமான புக்கிட் தீமா குன்று ஏறத்தாழ 163 மீட்டர் உயரமே கொண்டது. அங்கும் புலாவ் உபின் தீவிலும் உள்ள மண்தடங்கள் மிதிவண்டிகளுக்கு உரியவை. இயந்திர வாகனத்தை மலை மண்ணில் ஓட்டிப் பழக விரும்புகிறவருக்குக் ஜோகூருக்குச் செல்லும் கடற்பாலத்தைத் தாண்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது. அப்பால் இருப்பதோ 480 கிலோமீட்டர் நீளத்துக்குத் தீபகற்பத்தின் முதுகெலும்பாகக் கிடக்கும் மலைத்தொடர். அதன் உச்சியான கோர்பு சிகரம் 2,183 மீட்டர் உயரம் கொண்டது. செம்பனைத் தோட்டத்தின் கடைசி வரிசை முடிந்து, பழைய வெட்டுமரப் பாதை காட்டுக்குள் திரும்பும் இடத்தில் காற்று சட்டென்று குளிர்வதை ஒருமுறை அனுபவித்தவர், மீண்டும் போக வேண்டும் என்று ஏங்குவதில் எந்த வியப்பும் இல்லை.

அந்தப் பாதைகள் கற்றுக்கொடுப்பதும் கொஞ்சநஞ்சமல்ல. இருக்கையை விட்டு எழுந்து கால்மிதிகளின்மேல் நின்று ஓட்டவும், முன் சக்கரத்தைப் பார்க்காமல் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிப் பார்வையைச் செலுத்தவும், இரண்டு விரல்களால் கிளட்ச்சை இழுத்தும் விட்டும் வழுக்குச் சரிவில் வண்டியை அங்குலம் அங்குலமாக இறக்கவும் பழகிய ஒருவர், மழை நாளில் தீவு விரைவுச்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டும்போதும் நிதானம் இழப்பதில்லை. ஆகவே இதை வெறும் விளையாட்டு என்று ஒதுக்கிவிடும் பெரியவர்களின் கருத்தை நான் ஏற்கவில்லை. அதே சமயம், இத்தனை திறன்களையும் ஒரே காலையில் உடலிடம் கேட்கும் ஒரு பயணத்துக்குத் தூங்காத உடலோடு போகலாம் என்ற எண்ணத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை.

கணக்கைப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு எழுந்து வேலைக்குச் சென்ற ஒருவர், இரவு 11 மணிக்கு ஜோகூரைத் தாண்டி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறும்போது, 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அப்படித் தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் செயல்வேகமும், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்பதை 1990களிலேயே ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். 24 மணி நேரம் ஆகிவிட்டால் அது ஏறத்தாழ 100 மில்லிகிராமுக்கு ஈடாகிறது. சிங்கப்பூர்ச் சட்டம் வாகனமோட்டிக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 80 மில்லிகிராம். மலேசியா 2020ஆம் ஆண்டில் தன் வரம்பை 80லிருந்து 50ஆகக் குறைத்துவிட்டது. சனிக்கிழமை விடியற்காலை ரவூப்பில் தேநீர்க் குவளையோடு அமர்ந்திருக்கும் அந்த இளையர், ஒரு சொட்டு மதுவும் தொடாதவராக இருந்தாலும், இரு நாடுகளின் வரம்பையும் தாண்டிய ஒருவரின் கைகளையும் கண்களையும் கொண்டிருக்கிறார். மது வாடை வீசும் ஒருவரைத் தம்மோடு ஓட்ட அனுமதிக்காத குழுத் தலைவர்கள், இவரை மட்டும் எந்த நியாயத்தில் மலைக்குள் அழைத்துச் செல்கிறார்கள் என்று கேட்க விரும்புகிறேன்.

இதில் தூரத்தின் பங்கும் உண்டு. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். அங்கிருந்து காராக், பெந்தோங் வழியாக ரவூப் செல்ல மேலும் நூறு கிலோமீட்டருக்குமேல் ஆகும். நெடுஞ்சாலையில் மோட்டார்சைக்கிள்களுக்குச் சுங்கக் கட்டணம் இல்லை, இரவில் வெயில் இல்லை, போக்குவரத்தும் குறைவு என்பதால் இரவுப் பயணம் எளிது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. காரில் செல்பவருக்குத் தூக்கம் வந்தால் அருகில் இருப்பவர் பேச்சுக்கொடுத்து எழுப்பலாம். மோட்டார்சைக்கிளில் தலைக்கவசத்துக்குள் தனியாக, ஒரே சீரான காற்றொலியில் மணிக்கணக்கில் இருப்பவரை எழுப்ப யாரும் இல்லை. கண்ணை மூடினால் விழுவது நேரே சாலையில்தான்.

களைப்பு மலைப்பாதையில் எப்படி வெளிப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பெரிய தவறாக வெளிப்படுவதில்லை. முதலில் பார்வை சுருங்கும். தூரத்தில் பதிய வேண்டிய கண் முன் சக்கரத்தின் மீது வந்து நின்றுவிடும். அடுத்து, நின்று ஓட்ட வேண்டிய இடத்தில் உட்கார்ந்துவிடுவார். வண்டியை நிறுத்தினால் பக்கத் தாங்கியைப் போட மறந்து, வண்டியோடு சாய்வார். பின்னர் செம்மண் சரிவு ஒன்றில், மழைநீர் அறுத்த பள்ளத்துக்குள் சக்கரம் இறங்கும்போது, கிளட்ச்சை விடவேண்டிய விரல் அரை நொடி தாமதிக்கும். அந்த அரை நொடியில்தான் கணுக்கால்கள் உடைகின்றன. உடன் வந்தவர்கள் இதைக் கண்டு, பையன் புதியவன், பழக்கம் போதாது என்று முடிவு செய்கிறார்கள். நன்றாகத் தூங்கி எழுந்த மறுநாள் அதே பையன் அதே சரிவில் தடுமாறாமல் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது காரணம் மழை. மலேசிய மலைகளில், குறிப்பாகப் பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில், காலை வெயிலில் சூடேறிய சரிவுகளிலிருந்து ஈரக்காற்று மேலெழுந்து, நண்பகலுக்குள் மேகமாகி, பிற்பகல் இரண்டு மூன்று மணியளவில் இடியோடு கொட்டிவிடும். ஆகவே காட்டுக்குள் ஓட்ட வேண்டிய நேரம் விடியற்காலை முதல் நண்பகல் வரைதான். இரவெல்லாம் ஓட்டி வந்த குழு, காலையில் களைத்துச் சாய்ந்து, ஒன்பது பத்து மணிக்குப் புறப்பட்டால், மலையின் மிகக் கடினமான பகுதியை மிக மோசமான நேரத்தில் அடைகிறது.

ஒருமுறை பகாங்கின் மலைப்பகுதியில் எங்களுக்கு வழிகாட்டியாக வந்த செமாய் பூர்வக்குடிப் பெரியவர் ஒருவர், முழங்கால் அளவு நீர் ஓடிய ஆற்றின் கரையில் எங்களை நிறுத்தினார். எங்கள் தலைக்குமேல் வானம் தெளிவாகவே இருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் கையளவுக் கல் ஒன்றை எடுத்து, நீரின் ஓரத்தில், பாதி நனையும்படி வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். சிறிது நேரத்தில் கல் முழுவதும் மூழ்கியது. தெளிவாக இருந்த நீர் பாலில் தேநீரைக் கலந்ததுபோல் நிறம் மாறி, காய்ந்த இலைகளையும் சுள்ளிகளையும் கொண்டுவரத் தொடங்கியது. எங்கோ மேலே, நாங்கள் காணாத சரிவில் மழை பெய்துகொண்டிருந்தது. அன்று மாலைவரை அக்கரையை நாங்கள் தொடவில்லை. எங்களுக்கு மறுநாளும் அங்கேயே இருக்க நேரம் இருந்ததால் காத்திருந்தோம். ஞாயிறு இரவுக்குள் ஈசூனில் இருந்தாக வேண்டும் என்ற நெருக்கடி இருந்திருந்தால், எங்களில் யாராவது ஒருவர் வண்டியை நீருக்குள் விட்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காற்று உறிஞ்சும் குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் இயந்திரம் நின்றுவிடும். சக்கரத்தின் பக்கவாட்டில் மோதும் வெள்ளமோ ஆளையும் சேர்த்துக் கவிழ்க்கும்.

மலைச்சரிவுகளின் ஆபத்தை நாம் அறியாதவர்கள் அல்லர். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி அதிகாலை, இதே தித்திவங்சாவின் மேற்குச் சரிவில், சிலாங்கூரின் பத்தாங் காலியில் முகாம் தளம் ஒன்றின்மீது மண் சரிந்து 31 பேர் உயிரிழந்தனர். அவர்கள் கூடாரங்களில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள், மோட்டார்சைக்கிளோட்டிகள் அல்லர். ஆயினும், தொடர்மழையில் ஊறிய சரிவு எப்போது இளகும் என்பதைக் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது என்பதை அந்நிகழ்வு நமக்கு உணர்த்தியது. மழை பெய்தால் பயணத்தை நிறுத்திக்கொள்ள முடிகிற அளவுக்கு நேரம் கையில் இருக்க வேண்டும். சனி, ஞாயிறு என்ற இரண்டு நாள்களில் அந்த நேரம் கிடைப்பதில்லை.

அனுமதி விஷயத்தையும் இத்துடன் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. மலேசியாவில் நிரந்தர வனக்காப்பிடங்களுக்குள் செல்ல அந்தந்த மாநில வன இலாகாவின் அனுமதி வேண்டும். 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் அதற்கு அடிப்படையாக உள்ளது. அலுவலகங்கள் வார இறுதியில் மூடியிருக்கும். கிளந்தானில் வார விடுமுறையே வெள்ளியும் சனியும்தான். நள்ளிரவில் மாநில எல்லைகளைக் கடந்து சனிக்கிழமை காலை காட்டுவாசலில் வந்து நிற்கும் குழு, முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தாலன்றி, அனுமதியோடு உள்ளே போக முடியாது. அனுமதியில்லாமல் நுழைந்தவர்களுக்கு உள்ளே ஏதேனும் நேர்ந்தால், அவர்கள் எந்தத் தடத்தில் போனார்கள் என்ற விவரம்கூட எந்த அலுவலகத்திலும் இருக்காது. கைப்பேசிச் சமிக்ஞை பல பள்ளத்தாக்குகளில் அறவே கிடையாது. காப்புறுதியைப் பொறுத்தவரை, நம் வண்டிகளின் காப்புறுதி பொதுவாகத் தீபகற்ப மலேசியாவுக்கும் செல்லும் என்றாலும், தார்ச்சாலையை விட்டு இறங்கியபின் நேரும் சேதத்தை அது ஏற்குமா என்பதை ஒவ்வொருவரும் ஒப்பந்தத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் என்ன செய்யலாம்? வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுப்பு எடுத்து, வியாழக்கிழமை இரவு நன்றாக உறங்கி, காலையில் புறப்பட்டு, பகலிலேயே மலையடிவார ஊரை அடைந்து, அங்கே இரவு தங்கி, சனிக்கிழமை விடியலில் காட்டுக்குள் செல்வதே முறையானது. சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டத்தின்கீழ் முதல் ஆண்டிலேயே குறைந்தது 7 நாள் ஆண்டு விடுப்பு உண்டு. அதில் ஒரு நாளை இதற்காக ஒதுக்க முடியாதவர் அந்த முறை வராமல் இருக்கலாம். ஒரு தம்பி என்னிடம், "லீவு எடுத்தா அடுத்த மாசம் அம்மாவ ஊருக்குக் கூட்டிட்டுப் போக முடியாதுண்ணே" என்றார். அவர் சொன்னது நியாயமான கவலை. அம்மாவை ஊருக்கு அழைத்துப் போவதே முதன்மையானது. மலை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும் என்று அவருக்குச் சொன்னேன்.

இதைவிட நல்ல வழியொன்றும் உண்டு. சொந்த வண்டியைச் சிங்கப்பூரிலேயே விட்டுவிட்டு, பேருந்திலோ ரயிலிலோ சென்று, அங்கே வழிகாட்டிகள் வாடகைக்குத் தரும் சிறிய வண்டிகளை எடுப்பதைத்தான் சொல்கிறேன். கெமாசில் பிரிந்து தும்பாட் வரை செல்லும் கிழக்குக்கரை ரயில்பாதை குவாலா லிப்பிசையும் குவா மூசாங்கையும் தொட்டுச் செல்கிறது. நெடுந்தூரத் தார்ச்சாலைக்கு ஏற்ற வண்டியும் மலை மண்ணுக்கு ஏற்ற வண்டியும் ஒன்றாக இருப்பது அரிது. 1,250 சிசி பிஎம்டபிள்யூ ஜிஎஸ் ஏறத்தாழ 250 கிலோகிராம் எடை கொண்டது. கவாசாக்கி கேஎல்எக்ஸ் 150 ஏறத்தாழ 120 கிலோகிராம்தான். சேற்றில் விழுந்தால் பின்னதை ஒருவரே தூக்கி நிறுத்திவிடலாம். முன்னதைத் தூக்க மூவர் வேண்டும்; தூக்குபவர்களின் இடுப்பும் போய்விடும். சிங்கப்பூரின் தொடக்கநிலை மோட்டார்சைக்கிள் உரிமமான 2பி, 200 சிசி வரை ஓட்ட அனுமதிப்பதால், புதிதாக உரிமம் எடுத்தவரும் இத்தகைய சிறிய வண்டியை ஓட்டலாம். ஆசியான் நாடுகள் 1985இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி நம் உரிமம் மலேசியாவில் செல்லும். பெரிய வண்டி வைத்திருப்பதைப் பெருமையாகக் கருதுகிறவர்கள் இந்த யோசனையை விரும்பமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் டயரின் காற்றைக் காட்டுக்காகக் குறைத்து, நெடுஞ்சாலைக்காக மறுபடியும் ஏற்றி, தேய்ந்த மண்பாதை டயரோடு ஈரமான நெடுஞ்சாலையில் 450 கிலோமீட்டர் திரும்பி வரும் ஞாயிற்றுக்கிழமையை எண்ணிப் பார்த்தால், அவர்களும் இணங்குவார்கள் என்று நம்புகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதே இல்லை. இரண்டு நாள் குலுங்கிய முதுகு, கொப்புளம் கண்ட உள்ளங்கை, காய்ந்த சேறு ஒட்டிய பிரேக் ஆகியவற்றோடு, கடற்பாலத்தில் வாரம் முழுதும் வேலைக்கு வந்து போகும் ஆயிரக்கணக்கான மலேசியத் தொழிலாளர்களுக்கு நடுவே நாம் திரும்பி வருகிறோம். அவர்களில் நம் தமிழர்களும் ஏராளம். பிழைப்புக்காக நாள்தோறும் விடியுமுன் அந்தப் பாலத்தைக் கடப்பவர்கள் அவர்கள். பொழுதுபோக்குக்குப் போய்விட்டுத் தூக்கக் கலக்கத்தோடு அவர்கள் தடத்தில் தள்ளாடும் உரிமை நமக்கு இல்லை.

அவசரத்தால் வரும் இன்னொரு கேட்டையும் சொல்ல வேண்டும். இப்பாதைகள் பல செமாய், தெமியார் பூர்வக்குடி மக்களின் கிராமங்களுக்குள்ளேயே செல்கின்றன. மேலே ஓடும் சிற்றாற்றிலிருந்து குழாய் வைத்துக் குடிநீர் எடுக்கும் வீடுகள் அங்கே உள்ளன. நேரம் போதாத குழு, வேகத்தைக் குறைக்காமல் கிராமத்தைக் கடக்கிறது. மழை விட்டவுடன் ஈரப்பாதையிலேயே ஏறி, சக்கரத்தால் மண்ணை உழுது, அந்தச் சேற்றை அவர்களின் நீருக்கு அனுப்புகிறது. மூன்று நாள் கொண்ட குழுவோ கிராமத்துக்கு முன்பே இயந்திரத்தை அடக்கி, தலைக்கவசத்தைக் கழற்றி, தலைவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் போகலாம். ஈரம் உலரும்வரை ஒரு மணி நேரம் உட்காரவும் அதற்கு நேரம் இருக்கும். அவர்கள் வீட்டு முற்றத்தின் வழியாகப் போகிறோம் என்ற உணர்வு நமக்கு இருந்தாக வேண்டும்.

எனவே குழுக்களை நடத்தும் நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான். பயணத்துக்கான அழைப்பை அனுப்பும்போதே புறப்படும் நேரம், முதல் இரவு தங்கும் இடம், வன இலாகா அனுமதியை யார் பெற்றிருக்கிறார், உள்ளூர் வழிகாட்டி யார், நண்பகலுக்குமேல் காட்டுக்குள் ஓட்டுவதில்லை என்ற உறுதி ஆகியவற்றையும் எழுதி அனுப்ப வேண்டும். செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் சிறுகருவி ஒன்றையேனும் குழு வைத்திருக்க வேண்டும். பெற்றோரும் மனைவியரும் பயணத்துக்கே தடை போடுவதைவிட, எத்தனை மணிக்குப் புறப்படுகிறாய், எங்கே தூங்குவாய் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால் அதிகப் பயன் விளையும்.

டிசம்பர் பள்ளி விடுமுறைக்கான அழைப்புகள் இப்போதே கைப்பேசிகளில் வரத் தொடங்கிவிட்டன. பகாங்கிலும் கிளந்தானிலும் வடகிழக்குப் பருவமழை தீவிரமாக இருக்கும் காலம் அது. எனக்கு வந்த அழைப்புகளில் ஒன்றிலும் தங்குமிடம் குறிப்பிடப்படவில்லை; "வெள்ளி இரவு 10 மணி, உட்லண்ட்ஸ்" என்று மட்டுமே உள்ளது. அவற்றை அனுப்பியவர்கள் தேதியையும் நேரத்தையும் மாற்றி, மறு அழைப்பு அனுப்ப வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மோட்டார்சைக்கிளோட்டி வாசகர்,
ஈசூன், சிங்கப்பூர்